மாறி வந்த ஹெட்போன்

"மாறி வந்திருக்குன்னு போன் போட்டுச் சொல்லப் போறீங்களா? பைத்தியமா சார் உங்களுக்கு?"

கண்காணிப்பு கேமரா அறையில் அடுத்த ஷிஃப்ட்டுக்கு வந்தவர் பையை ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டார்.

உம்மணாமூஞ்சி நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தார். அந்தக் கட்டடத்தில் அவருக்கு அதுதான் பெயர். நாள் பூராவும் திரைகளில் சத்தமில்லாமல் வந்துபோகும் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் உத்தியோகம். அதில் யாரிடம் போய்ப் பேசுவது?

ஆன்லைன் ஏலத்தில் அவர் எடுத்தது ஒரு பழைய ஹெட்போன். தோல் உரிந்தது, அடிமாட்டு விலை. பார்சலைப் பிரித்தால் உள்ளே பளபளவென்று வேறொன்று. கடைகளில் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டியிருப்பார்களே, அந்த ரகம்.

"அவங்க பண்ணின தப்புக்கு நீங்க ஏன் சார் அழணும்? வாயை மூடிக்கிட்டு அனுபவிங்க."

வாயை மூடிக்கொள்வது அவருக்குப் புதிதா என்ன? மூடிக்கொண்டார்.

திருப்பித் தர மனசு வராததற்கு வேறொரு காரணமும் இருந்தது. அவர் குடியிருந்தது ஒற்றை அறையில். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய குடும்பம். இவர் வேலை முடிந்து வந்து தட்டை எடுத்து வைக்கிற நேரம்தான் அங்கேயும் சாப்பாட்டு நேரம். யாரோ யாரையோ கேலி செய்வார்கள், எல்லோரும் சிரிப்பார்கள், நடுவில் ஒரு குழந்தையும் என்னவோ புரிந்த மாதிரி சேர்ந்து சிரிக்கும். சண்டை போட்டால்கூடத் தாங்கிக்கொள்வார். அந்தச் சிரிப்பைக் கேட்டால்தான் சாப்பாடு தொண்டையில் இறங்காது.

புது ஹெட்போனை மாட்டி, வெளிச்சத்தத்தை அடக்கும் பொத்தானை அழுத்தியதும் எல்லாம் கப்சிப். பாட்டுகூடப் போடவில்லை. ரொம்ப நாளைக்கப்புறம் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அந்த நிம்மதி சார்ஜ் இருந்தவரைதான். தீர்ந்ததும் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். சார்ஜ் போடுகிற ஒயரைக் காணோம். வீட்டில் இருந்த எந்த ஒயரும் அந்தத் துளைக்குள் நுழையவில்லை. கடைக்காரரும், "இதுக்கு அந்தக் கம்பெனி ஒயர்தான் சார் சேரும். தனியா கிடைக்காது" என்று கையை விரித்துவிட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடியும் சிரிப்பு.

பார்சலின் மேல் விற்றவரின் போன் நம்பர் கொட்டை எழுத்தில் இருந்தது. தயங்கித் தயங்கி அழுத்தினார். முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"வந்து... ஏலத்துல ஒரு ஹெட்போன்..."

"அடடே! கிடைச்சுதா தம்பி? நான் மாத்தி அனுப்பிட்டேன், இல்ல? அதைச் சொல்லத்தான் கூப்பிட்டீங்களா?"

வயதான பெண்குரல். அதில் அப்படியொரு சந்தோஷம்.

 ஒயரைக் கேட்கத்தான் கூப்பிட்டேன் என்று இனி எந்த வாயால் சொல்வது?

"ஆ... ஆமாம்மா. உங்க பொருளாச்சே. திருப்பி அனுப்பிடறேன்."

"வேண்டாம் தம்பி, நீங்களே வெச்சுக்குங்க. இங்க பீரோ நிறையக் கிடக்கு. என் பையன் ஹெட்போன் கம்பெனியில இருக்கான். புது மாடல் வந்தா எனக்கு ஒண்ணு அனுப்பிடுவான். போன் பண்ணுடான்னா ஹெட்போன் அனுப்பறான்!"

அவர் சிரித்துவிட்டார். அந்த அறையில் தன் சிரிப்புச் சத்தம் அவருக்கே புதிதாக இருந்தது.

அந்த அம்மா விடவில்லை.

"நான் புகார் பிரிவுல போன் எடுக்கற வேலையில இருந்தேன் தம்பி. காலையில உக்காந்தா சாயந்திரம் வரைக்கும் ஆள் மாத்தி ஆள் காதுல திட்டிக்கிட்டே இருப்பாங்க. எப்படா விடுதலைன்னு இருந்தேன். ரிட்டயரான மறுநாளே காது அடைச்சுப்போன மாதிரி ஆயிடுச்சு. திட்டறதுக்காவது ஒருத்தர் கூப்பிட மாட்டாங்களான்னு இருக்கும்."

"எனக்கு அப்படியே தலைகீழ்ம்மா. நாள் பூரா ஆளுங்களைத்தான் பாக்கறேன். ஒருத்தர் குரலும் கேக்காது."

லிஃப்ட்டில் தனியாக ஏறினால் கண்ணாடியைப் பார்த்து ஆடுகிற மேனேஜரைப் பற்றி அவர் சொன்னார். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த அம்மா சிரித்துச் சிரித்து இருமினார். பேச்சு வளர்ந்துகொண்டே போனது. தட்டில் சாப்பாடு ஆறிப்போனது. பக்கத்து வீட்டில் சிரித்தார்களா என்று அவர் கவனிக்கவே இல்லை. ஒயரைக் கேட்க மட்டும் கடைசிவரை வாய் வரவில்லை.

"சரி தம்பி, வெச்சுடட்டுமா? ஒயரை நாளைக்கு அனுப்பிடறேன்."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எ... எந்த ஒயர்?"

"சார்ஜ் போடற ஒயர்தான். நான்தான் பெட்டியிலேர்ந்து எடுத்து வெச்சேன். மாத்தி அனுப்பினதும் வேணும்னுதான். நல்ல பொருள் மாறி வந்திருக்குன்னு சொல்ல யாரும் கூப்பிட மாட்டாங்க தம்பி. ஒயர் இல்லைன்னா கூப்பிட்டுத்தானே ஆகணும்?"

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"நீங்க 'வந்து'ன்னு இழுத்தப்பவே எதுக்குன்னு தெரிஞ்சுபோச்சு. எத்தனை வருஷம் புகார் கேட்ட காது இது! ஏலத்துல எடுக்கற எல்லாரும் ஒயரைக் கேப்பாங்க. 'அனுப்பறேன்'னதும் வெச்சுடுவாங்க. நீங்க ஒருத்தர்தான் அதைக் கேக்காம இவ்வளவு நேரம் பேசினீங்க." குரல் இறங்கியது. "கோபமா தம்பி?"

வெட்கத்தில் அவருக்குக் காது மடல் சுட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை சிரித்தது. மேசைமேல் உயிரில்லாமல் கிடந்த ஹெட்போனைப் பார்த்தார். அதை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"ஒயரை அனுப்பாதீங்கம்மா" என்றார் உம்மணாமூஞ்சி. "இன்னும் வரலைன்னு புகார் சொல்ல நாளைக்கும் கூப்பிடறேன்."