வாய்க்காலோர வளை

பத்து மணிச் சங்கு ஊதியதும் சுக்ரா கம்பெனி ஷெட்டுக்குப் பின்னால் வாய்க்காலோரம் வந்து உட்கார்கிறாள். ஜூஜுவாடி ரோட்டில் லாரிகள் அடிக்கும் ஹாரன் சுவரைத் தாண்டி வருகிறது. அவளுடைய மூன்று மாதக் குழந்தை இறந்து இன்றோடு ஒன்பது நாள். பால் கட்டி மார்பு கல்லாக இருக்கிறது. முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு டீ டம்ளரில் பீய்ச்சுகிறாள். எதிரே ஈரமணலில் பென்சில் முனை நுழையும் அளவுக்கு ஒரு வளை. ஷெட்டைக் கழுவிய தண்ணீர் ஏறி வர, வளை வாயில் நின்ற சிறு வண்டு உள்ளே போய் மண்ணால் அடைத்துக்கொள்கிறது. "எங்க ஊரு கடக்கரையிலயும் இது உண்டு. உள்ள குஞ்சுவ கெடக்கும்" என்கிறாள் பக்கத்தில் டிபன் கேரியர் கழுவும் தூத்துக்குடிக்காரி மரிய புஷ்பம். "மூச்சு முட்டாதாக்கா?" "தண்ணி வடிஞ்சதும் தாய் வண்டே தொறந்துரும்." தண்ணீர் வடிகிறது. மண் அசைந்து வளை திறக்கிறது. சுக்ரா அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சங்கு மறுபடி ஊதுகிறது. "ஓடுற தண்ணியில ஊத்திட்டு வா. எறும்பு மொய்ச்சா பால் வத்திப்போயி…" குழந்தை இருந்தபோது தினமும் சொன்னதையே சொல்லத் தொடங்கிய புஷ்பம் பாதியில் நிறுத்துகிறாள். சுக்ரா எழுந்து போய், சுவரடியில் எறும்புகள் சாரை சாரையாக ஊரும் இடமாகப் பார்த்து டம்ளரைக் கவிழ்க்கிறாள்.