திராட்சையக்காவின் முகச்சுருக்கம்

சிரிப்பு உண்டு, சத்தியமாக. ஆனால் இப்போதே சிரித்தால் உலர்திராட்சை அக்கா உஷாராகிவிடுவாள், கொஞ்சம் பொறுங்கள்.

நான் கரண்டி. எந்தக் குரலும் எனக்கு வரும். பழத்தட்டில் பச்சைத் திராட்சைகளோடு மறுபடி உட்கார வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. முகச்சுருக்கம்தான் தடை.

டாக்டர் மாதிரி தொண்டையைச் செருமினேன். "கத்தி, ஊசி எதுவும் வேண்டாம்மா. தண்ணீரில் ஊறினால் நாலு மணி நேரம். நெய் மசாஜ் என்றால் ஒரே நிமிஷம். எது வேணும்?"

"நெய்யே போடுங்க டாக்டர், மத்தியானம் விருந்து இருக்கு!"

வாணலியில் அக்கா பொம்மென்று உப்பினாள். "அய்யோ, ஒரு சுருக்கம்கூட இல்லையே!"

"அடுத்து பால் குளியல்," என்றேன், நர்ஸ் குரலில்.

இறங்கியவள் சுற்றிலும் பார்த்தாள். "நர்ஸம்மா, முந்திரிக்கும் சுருக்கமா? சரி, இந்தச் சேமியா எதுக்கு? ஏலக்காய் வேற மணக்குது... அடேய் கரண்டி, இது பாயசம்டா!"