பதினைந்தாம் எண்

குவாண்டம் இயற்பியலுக்குச் சொல்லப்பட்ட விளக்கங்களின் வரலாறு எங்கள் விருப்பப் பாடம். யாரும் விரும்பி வரவில்லை. வேறு பாடங்களில் இடம் இல்லை. பதினைந்து பேர் சேராவிட்டால் வகுப்பை மூடிவிடுவார்கள், தற்காலிக வாத்தியாருக்கும் வேலை போய்விடும். நாங்கள் பதினான்கு பேர்.

வாத்தியார் தலை நிமிராமல் எண்களை வாசிப்பார். பதினைந்துக்கும் கடைசி பெஞ்சிலிருந்து "உள்ளேன் ஐயா" வரும். திரும்பினால் பெஞ்ச் காலி. யாரோ குரலை மாற்றி ப்ராக்ஸி கொடுக்கிறார்கள் என்று முதலில் ஒருவரையொருவர் முறைத்தோம், பிறகு அலுத்துவிட்டது. பார்க்காதபோது ஒன்று இருக்கிறதா என்று மேதைகளே நூறு வருடமாக அடித்துக்கொள்கிறார்கள், நமக்கென்ன வந்தது.

நேற்று அலுவலகத்திலிருந்து சரிபார்க்க வந்தவர், பதிவேட்டில் தலையைக் கவிழ்த்து எண்களை வாசித்தார். பதினைந்து குரல்கள் வந்தன. பிறகு தலைகளை எண்ண நிமிரப் போனார்.

"எண்ணாதீங்க சார்," என்றார் வாத்தியார் மெல்ல. "எண்ணினா ஒண்ணு குறையும்."

"இன்னைக்கு இது எனக்கு ஒன்பதாவது கிளாஸ் சார். இடுப்பு விட்டுப்போச்சு." வந்தவர் குனிந்தபடியே கையெழுத்துப் போட்டார். "ஆனா அந்தக் கடைசி ஆளு குரல்ல உயிரே இல்ல. ஒரு நாள் லீவு குடுங்க."

"பரவாயில்லை ஐயா," என்றது கடைசி பெஞ்ச்.

பதினான்கு பேரும் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாத்தியாருக்கு இரண்டு பெண் குழந்தைகள்.