நாலு வரியின் எடை

கோப்பு நகரவில்லை.

அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாள். அனுப்பும் பட்டை நூலளவு முன்னேறியது. மறுபடியும் நின்றது.

புயல் திசை மாறிவிட்டது. காலையில் வடக்கே ஒதுங்கும் என்றார்கள். இப்போது நேராக நாகையைப் பார்த்து வருகிறது.

ஆழ்கடலில் இருக்கும் படகுகளுக்கு அது தெரியாது. வயர்லெஸ் எட்டாத தூரம். கரையிலிருந்து வரும் செய்தியை வாங்க ஒவ்வொரு படகிலும் ஒரு சின்னப் பெட்டி மட்டும் உண்டு. புயல் எச்சரிக்கை வந்தால் பக்கத்துத் துறைமுகத்துக்கு அம்புக்குறி காட்டும். அதற்கான புரோகிராம் அவள் எழுதியது.

அம்புக்குறி இப்போது நாகையைக் காட்டிக்கொண்டிருந்தது.

திருத்தம் நாலே வரி. நாகையை விட்டுவிடு, தெற்கே காட்டு. எழுதி முடித்தாயிற்று. ஆனால் செயற்கைக்கோள் வழியாகச் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். இந்த வேகத்தில் போய்ச் சேர்வதற்குள் படகுகள் புயலுக்குள் இருக்கும்.

பின்னால் கலியமூர்த்தி நின்றார். விசைப்படகுச் சங்கத் தலைவர். அவருடைய மகனும் கடலில்தான் இருந்தான்.

"நாலு வரின்னு சொன்னியேம்மா. அப்புறம் ஏன் இவ்வளவு பெருசு?"

"நான் எழுதுனது நாலு வரிதான் ஐயா. அது ஓடுறதுக்கு என்னென்ன வேணுமோ அத்தனையும் கூடவே கட்டி அனுப்பணும். பெட்டியில வேற ஒண்ணும் கிடையாது."

அனுப்புவதை நிறுத்தினாள். மூட்டையைப் பிரித்தாள்.

பிழை தேடும்போது உதவும் என்று புரோகிராமுக்குள் விட்டிருந்த பெயர்க் குறிப்புகளை நீக்கினாள். கோப்பு பாதியானது. தேதியை அழகாகக் காட்டும் பகுதி, ஒரு தடவைகூடப் பயன்படாத எழுத்துருக்கள், எல்லாம் போயின. இன்னும் கொஞ்சம் இளைத்தது.

போதவில்லை.

ஒன்று மிச்சம் இருந்தது. ஆபத்தில் படகிலிருப்பவர் பெட்டியின் பொத்தானை அழுத்தினால் கரைக்குத் தகவல் சொல்லும் பகுதி. அதுவும் சில வரிகள்தான். ஆனால் தனக்கு வேண்டியதையெல்லாம் ஒரு பெரிய பொதியாக இழுத்துக்கொண்டு வந்திருந்தது.

விரல் அந்தரத்தில் நின்றது.

திரும்பிப் பார்த்தாள். கலியமூர்த்தி ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரிடம் கேட்கவில்லை.

அந்தப் பகுதியையும் நீக்கிவிட்டு அனுப்பினாள்.

பட்டை ஓடியது. நிறைந்தது.

சுவர்த் திரையில் படகுகள் பச்சைப் புள்ளிகளாகத் தெரிந்தன. இருப்பிடத்தைச் சொல்வது வேறொரு கருவி. அதில் கை வைக்கவில்லை.

ஒரு புள்ளி தெற்கே திரும்பியது. பிறகு இன்னொன்று. பிறகு கூட்டமாக.

கலியமூர்த்தி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஒரு புள்ளி மட்டும் திரும்பவில்லை. நாகையை நோக்கியும் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்றது.

அவருடைய மகன் படகு.

அவர் திரைக்கு மேலே இருந்த சிவப்பு விளக்கை அண்ணாந்து பார்த்தார். எந்தப் படகிலிருந்து பொத்தானை அழுத்தினாலும் எரிகிற விளக்கு.

"விளக்கு எரியலையே. எதுனா ஆயிருந்தா அமுக்கியிருப்பான். வலைய இழுத்துக்கிட்டு இருப்பான், வந்துருவான்."



கடலோரக் காவல் படைக்குப் போன் போட்டாள். படகின் பெயரைச் சொன்னாள். இருக்கும் இடத்தைச் சொன்னாள். ஆபத்தில் இருக்கிறது, உடனே போங்கள் என்றாள்.

கலியமூர்த்தி விளக்கிலிருந்து கண்ணை எடுத்து, மெல்ல அவள் பக்கம் திரும்பினார்.