லேசான பனி, கடுங்குளிர்

"இன்னொரு தடவை சாவியைத் திருப்பு, நெல்ஸ்!" வாசலில் வயிற்றைப் பிடித்தபடி நின்ற சிக்னே கத்தினாள்.

நெல்ஸ் திருப்பினான். வண்டி ஒரு முறை இருமியது. அடுத்த முறை அதுவும் இல்லை.

"எஞ்சின் உறைஞ்சுபோகாம இருக்க அந்த ஹீட்டருக்கு ராத்திரி கரண்ட் கொடுத்தியா, இல்லையா?"

நெல்ஸ் கூரையை அண்ணாந்து பார்த்தான். கிறிஸ்துமஸுக்காக அவன் ஏற்றிவைத்த எட்டு கலைமான் விளக்குப் பொம்மைகள் சிவப்பும் பச்சையுமாக மின்னிக்கொண்டிருந்தன. வண்டிக்குப் போகவேண்டிய நீள ஒயர் அங்கே ஏறியிருந்தது.

"அடப்பாவி! மானுங்களுக்குக் குளிருமேன்னா?"

"ரேடியோல லேசான பனின்னுதானே சொன்னான். ஒரு அங்குலம்கூட விழாதுன்னான்."

"லேசான பனின்னு கேட்டதும் சந்தோஷமா ரேடியோவை அணைச்சிருப்பே. மீதியைக் காலையில நான் கேட்டேன். பின்னாலேயே துருவக் காத்து வருதாம். பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தெட்டு!"

வட டகோட்டாவில் பிறந்து வளர்ந்தவன் செய்யக்கூடாத தப்பு அது. பனியை மண்வெட்டியால் வாரிப் போட்டுவிடலாம். குளிரை எதால் வாருவது?

சிக்னே கதவுநிலையைப் பற்றிக்கொண்டு குனிந்தாள். இந்த முறை வலி நெடுநேரம் இருந்தது.

"மூணு நிமிஷத்துக்கு ஒரு தடவை வருது, நெல்ஸ்."

நெல்ஸ் உள்ளே ஓடி மறுபடி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். பதில் மாறவில்லை. நெடுஞ்சாலையில் கவிழ்ந்த லாரிக்குப் போயிருக்கிறது, வர ஒன்றரை மணி நேரமாகும். மருத்துவமனையோ நாற்பது மைல்.

தெருவில் இருப்பது நான்கே வீடுகள். ஒரு வீட்டார் குளிருக்குப் பயந்து அரிசோனா போய்விட்டார்கள். இன்னொரு வீட்டுக்காரர் விடியுமுன்பே வண்டியோடு வேலைக்குக் கிளம்பிவிட்டார். மிச்சம் ஹால்வோர்தான்.

"ஹால்வோரைக் கூப்பிடு" என்றாள் சிக்னே.

"அவரையா? வேணாம்."

"ஏன் வேணாம்?"

"முதல் குழந்தை, சிக்னே. அவர் வண்டியிலயா? அம்மா கேட்டா என்னைத் தொலைச்சிடுவாங்க."

"உங்கம்மாவா இப்போ பெத்துக்கப்போறாங்க?"

"அதோட, அந்த மனுஷன் மணிக்கு இருபது மைலுக்கு மேல ஓட்டி யாராவது பார்த்திருக்காங்களா? ஊரே அவர் பின்னால ஊர்ந்துதானே பழக்கம்!"

"நீ கூப்பிடறியா, நான் அந்தக் கலைமானுல ஏறிப் போகட்டுமா?"

நெல்ஸ் கூப்பிட்டான். இரண்டே நிமிடத்தில், முனகல்கூட இல்லாமல், நீளமான கறுப்பு வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. டை கட்டிய பெரியவர் ஹால்வோர் அதிலிருந்து இறங்கினார்.

"உங்க வண்டி மட்டும் எப்படி...?" நெல்ஸ் வாயைப் பிளந்தான்.

"கராஜுல ஹீட்டர் ராத்திரி பகலா ஓடுது, தம்பி. என் தொழில்ல, குளிரா இருக்கு நாளைக்கு வரேன்னு சொல்ல முடியுமா?" ஹால்வோர் பின்கதவைத் திறந்து கம்பளிகளை விரித்தார். "வாம்மா, காலை நீட்டிப் படுத்துக்கோ. இடம் தாராளமா இருக்கு. இதுவரைக்கும் ஏறினவங்க யாரும் குறை சொன்னதில்ல."

வலிக்கு நடுவிலும் சிக்னேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெல்ஸ் சிரிக்கவில்லை. வாய்க்குள் ஜெபித்துக்கொண்டே அவள் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான்.

வண்டி கிளம்பியது. சாலையின் குறுக்கே மெல்லிய பனித்தூள் பாம்பு பாம்பாக ஊர்ந்தது. இரு பக்கமும் வெள்ளை வயல்கள் வானத்தோடு ஒட்டிக்கிடந்தன.

"வேகமா... ஹால்வோர்..." சிக்னே பல்லைக் கடித்தாள்.

"எவ்வளவு வேகமா?"

"உங்களுக்குத் தெரிஞ்ச வேகமெல்லாம்!"

ஹால்வோர் டையைத் தளர்த்தினார். முள் முப்பதைத் தாண்டியது. ஐம்பது. எழுபது. "ஆகா! இவ்வளவு நாளா இது உனக்குள்ளயா இருந்துது!" என்று வண்டியிடம் சொன்னார். எதிரே வந்த பனிவாரி வண்டி தானாகவே ஓரம் கட்டியது. அதை ஓட்டியவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். மறுகணம் அவரும் அவருடைய திறந்த வாயும் பின்னால் மறைந்துபோனார்கள்.

"ஹால்வோர்! தலை தெரியுது!" நெல்ஸ் அலறினான்.

"பிடிச்சுக்கோ! தலையைத் தாங்கு! என் கோட்டை எடுத்துச் சுத்து!"

நகரத்தின் தண்ணீர்த்தொட்டி கண்ணில் பட்ட அதே நேரம், வண்டிக்குள் ஓர் அழுகை கிளம்பியது. கோபமான, கணீரென்ற அழுகை.

"பொண்ணு!" நெல்ஸ் சிரித்துக்கொண்டே அழுதான். "ஹால்வோர், பொண்ணு! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!"

ஹால்வோர் ஹாரனில் கையை வைத்தார். எடுக்கவே இல்லை. கடைத்தெரு, பள்ளிக்கூடம், தேவாலயம் என்று வழியெல்லாம் ஜன்னல்கள் திறந்தன. அந்த வண்டிக்கு ஹாரன் உண்டு என்பதே அன்றுதான் ஊருக்குத் தெரிந்தது.

மருத்துவமனை முன்வாசலில் வண்டி வழுக்கி நின்றது. தலைமை நர்ஸ் மார்ஜி மேல்கோட்டுகூடப் போடாமல் ஓடிவந்தாள்.

"என்ன ஹால்வோர் இது, முன்வாசலுக்கே வந்துட்டீங்க! யார் உங்களைக் கூப்பிட்டது? இன்னைக்கு இங்க ஒருத்தரும் சாகலையே!"

ஹால்வோர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பின்கதவை அகலத் திறந்தார்.

"எடுத்துட்டுப் போக வரல, மார்ஜி. இருபத்தாறு வருஷமா ஓட்டுற இந்தச் சவ வண்டியில, இன்னைக்குத்தான் ஒருத்தியைப் படுக்கவெச்சு ஏத்தி, ரெண்டு பேரை உயிரோட இறக்கறேன்!"