அண்ணியின் கூடார ஸ்வெட்டர்

"உடம்பு ஒரு பிடி. ஸ்வெட்டர் மட்டும் கூடாரம். உங்க அத்தைக்குக் கண்ணாடியே கிடையாதா?" என்று ஊசி மறுபடியும் ஆரம்பித்தாள்.

அவளுக்கு ஊசி என்று பேர் வந்ததற்குப் பையில் எப்போதும் கிடக்கும் பின்னல் ஊசிகள் பாதிக் காரணம். வாய் மீதிக் காரணம். சலவைக் கடையில் இஸ்திரி போடும் வேலை அவளுக்கு.

மகள் சிரித்தாள். "அத்தையை விடும்மா."

எப்படி விடுவது? அண்ணன் பெண்டாட்டி வாங்குவதெல்லாம் அசல் கம்பளி. நாலு தடவை போடுவாள். ஐந்தாவது வாரம் அது பழைய துணிக்கடையில் தொங்கும்.

அதைக் காசு கொடுத்து வாங்குகிறவள் ஊசிதான்.

புது நூல் அவள் கைக்கு எட்டாது. நூல் கடைக்குப் போனால் ஒரு நூல்கண்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பி வைப்பாள். கடையில் அவளுக்கு 'தடவிப் பார்க்கிற அம்மா' என்றே பேர். மலிவு நூலோ நாலு சலவையில் உருண்டை உருண்டையாகத் திரண்டுவிடும். அது இஸ்திரிக்காரிக்குத் தெரியாதா?

அதனால்தான் பழைய ஸ்வெட்டர். உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பாள். விளிம்பை வெட்டித் தைத்திருந்தால் நூல் துண்டு துண்டாக வரும், வேண்டாம். நல்ல தையல் என்றால் பிரித்து, நனைத்து, கனம் கட்டித் தொங்கவிடுவாள். சுருக்கமெல்லாம் போய்ப் புது நூல் தோற்றுவிடும். இந்த வித்தையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். அண்ணியிடமும் சொல்லியிருக்கிறாள். அண்ணி கொட்டாவி விட்டாள்.

போன வருஷம் அண்ணி ஒரு பெட்டி நிறைய நூல் வாங்கி வந்தபோது, "நான் கேட்டேனா?" என்று எல்லார் எதிரிலும் தள்ளிவிட்டவள் ஊசி. ஓசி அவளுக்கு ஆகாது. பழைய துணிக்கடை வேறு விஷயம். அங்கே காசு கொடுக்கிறாளே.

இப்போது சிக்கல் வேறு. மகள் அடுத்த புதன்கிழமை மலையூர்க் கல்லூரிக்குக் கிளம்புகிறாள். அசல் கம்பளியில் தன் கையால் பின்னிய ஸ்வெட்டரோடுதான் அனுப்புவேன் என்று ஊசி ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. அண்ணியின் நீல ஸ்வெட்டரைப் பிரித்து முதுகு, மார்பு, ஒரு கை எல்லாம் முடித்தாள். இன்னொரு கைக்கு நூல் இல்லை.

போன வாரம் அண்ணி வந்தபோதும் அந்தப் புலம்பல்தான். அண்ணி காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. போகும்போது தரையில் கிடந்த நூல் துண்டைக் குனிந்து பொறுக்கினாள். 'என் வீடு குப்பையாம்!' என்று ஊசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை மதியம் ஊசி தோல்வியை ஒப்புக்கொண்டாள். தள்ளுபடி விலையில் ஆயத்த ஸ்வெட்டராவது வாங்கிவிடலாம் என்று பெரிய துணிக்கடைக்குள் நுழைந்தாள். மனசு கனத்துக் கிடந்தது.

உள்ளே அண்ணி நின்றிருந்தாள்.

ஊசி சட்டென்று கோட்டு வரிசைக்குப் பின்னால் ஒதுங்கினாள். அண்ணி ஒரு நீல ஸ்வெட்டரை எடுத்தாள். உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தாள். கைப்பையிலிருந்து ஒரு நூல் துண்டை எடுத்து அதன்மேல் வைத்து நிறம் பார்த்தாள்.

"மேடம், இது உங்களுக்கு ரொம்பப் பெரிசு. சின்ன சைஸ் தரட்டுமா?" என்றாள் கடைப்பெண்.

"வேண்டாம்மா. இதை விடப் பெரிசு இருக்கா பாரு. பிரிச்சா நூல் பத்தணும். போன தடவை ஒரு கைக்குக் குறைஞ்சுபோச்சு."

"பிரிக்கவா? புதுசையா?"

"ஒரு நாள் போட்டுட்டுத்தான். வழக்கமா நாலு தடவை போடுவேன், இந்தத் தடவை நேரமில்லை. போடாம பழைய துணிக்கடையில குடுத்தா என் நாத்தனாருக்குச் சந்தேகம் வந்துடும். ரோஷக்காரி."

கோட்டுகளுக்கு நடுவே ஊசிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கும் மேலே சந்தோஷமாக இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, வந்த வழியே வெளியே நழுவினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணி வீட்டுக்கு வந்தாள். உடம்பில் புது நீலக் கூடாரம். கை நுனியை மூன்று மடிப்பு மடித்துவிட்டிருந்தாள். அம்மா என்ன சொல்லப் போகிறாளோ என்று மகள் பயந்துபோய்ப் பார்த்தாள்.

"அளவெடுத்துப் பின்னின மாதிரி இருக்கு அண்ணி" என்றாள் ஊசி.

அண்ணி தன்னை ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டாள். அவளுக்கே நம்ப முடியவில்லை.

சனிக்கிழமை. வழக்கமாகப் பழைய துணிக்கடையின் கதவைத் திறக்கும் முன்பே போய் நிற்கிற ஊசி, பத்தரை ஆகியும் காபியை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, இன்னிக்குக் கடைக்குப் போகலையா? வேற யாராவது எடுத்துட்டுப் போயிடப் போறாங்க" என்றாள் மகள்.

"போறேண்டி, என்ன அவசரம்?" என்றாள் ஊசி. "வைக்கிறவங்க வந்து வெச்சுட்டுப் போக வேண்டாமா?"