ஒரு கடி

ஆகஸ்ட் 12 அன்று கோரப்பள்ளம் முகாமில் யானைகள் நாள் விழிப்புணர்வு விழா நடந்தது. பழத்துக்குள் வைத்த வெடியால் வாய் கிழிந்த யானை செவந்தி, ஊட்டுபவர் பாகன் கிருமாறனே ஆனாலும், ஒரு கடி கடித்துக் காட்டிய பழத்தை மட்டுமே தின்னும். அந்த நம்பிக்கை வர நாற்பது நாள் ஆகியிருந்தது.

சிறப்பு விருந்தினர் புகைப்படத்துக்காகப் பழம் ஊட்ட வந்தார்.

"அய்யா, நீங்க ஒரு கடி கடிச்சுட்டுக் குடுத்தாத்தான் வாங்கும்," என்றான் கிருமாறன்.

"யானைக்கு என் எச்சில் கேக்குதாக்கும்? நீயே கடிய்யா."

கிருமாறன் கடித்து அவரிடம் கொடுத்தான். செவந்தி வாயைத் திறந்தது. விருந்தினர் அந்த எச்சில் பழத்தைக் கீழே போட்டுவிட்டு, தட்டிலிருந்த முழுப் பழத்தை உள்ளே திணித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். செவந்தி பழத்தைத் துப்பிவிட்டுப் பின்வாங்கியது.

மறுநாள் நாளிதழ்களில் படம் வந்தது. கிருமாறன் கடித்து நீட்டிய பழத்தைச் செவந்தி வாங்கவில்லை.